இறக்கின மைவிக்கு 15ஆ, 16ஆ, 17ஆ? தோட்டத்து சடக்குல ஓட்டுறவன் கணக்கு

சித்தி மவன் ஒரு மைவி வாங்கிட்டான், பெரோடுவா கம்பெனியோட சின்ன காரு, எங்க பேச்சுல காடி. 2012 மாடல், 1.3 லிட்டர் எஞ்சின், ஆட்டோ கியரு, வாங்கின மூணாவது வாரமே லோவரிங் ஸ்பிரிங் போட்டு காடிய 40 மில்லிமீட்டர் இறக்கியாச்சு, இப்ப ஒரிஜினல் 14 இஞ்ச் ரிம்மு பாக்க சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்குதாம், ரிம்மு மாத்தணும்னு ஒரு மாசமா என் உயிர வாங்குறான். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்சப்புல ஒரு படம் வரும், "அண்ணே இது எப்படி?" மறுநாள் வேற படம். ஒரு நாள் 15, ஒரு நாள் 17, நடுவுல எவனோ சொன்னான்னு ஸ்ட்ரெச் டயரு, அதாவது அகல ரிம்முல இழுத்து மாட்டுற ஒல்லி டயரு. ஒவ்வொரு தடவையும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன், இதே குழப்பத்துல இருக்கிற மத்தவங்களுக்கும் ஆகும்.

முதல்ல எந்த ஊரு சடக்குன்னு (ரோடுன்னு) சொல்லிடுறேன், ஏன்னா கோலாலம்பூர்ல ஓட்டுறவனுக்கு சரியா வர்றது இங்க வராது. நாங்க சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி பல வருசமாச்சு, எங்க வாயில அது இன்னும் ஏறல. ரவாங் போற சடக்குல மணல் லோரியும் செம்பனைக் குலை ஏத்துன லோரியும் விடிஞ்சதுல இருந்து ஓடும், பாரம் தாங்காம தாரு ரெண்டு தடமா குழிஞ்சு நடுவுல முதுகு மாதிரி எழும்பி நிக்கும், மழை பெஞ்சா அந்த ரெண்டு தடமும் வாய்க்கா. குலை லோரியில இருந்து ஒண்ணு ரெண்டு குலை வளைவுல உருண்டு கெடக்கும், ராத்திரியில அத பாக்கிறதுக்குள்ள மேல ஏறிடுவீங்க. சடக்க விட்டு திரும்பினா வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் செம்மண், கேட்டுகிட்ட தோட்டத்துக்காரங்க போட்ட போங்கோல் (வேகத்தடை) ஒண்ணு, அளவும் கிடையாது ஒண்ணும் கிடையாது, பாதி மலை. தம்பி தினம் இதுல போயி ரவாங் ஃபேக்டரியில ஷிப்ட் பாத்துட்டு வரணும். ஞாயித்துக்கிழமைன்னா சித்தி, சித்தப்பா, பாட்டி, பின்னாடி பூட்டுல (டிக்கியில) அரிசி மூட்டை. இத மனசுல வெச்சுகிட்டு மேல படிங்க.

இப்ப விசயத்துக்கு வரேன். காடிய இறக்குறவன் எல்லாருக்கும் உண்மையில வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், டயருக்கும் பெண்டருக்கும் (டயருக்கு மேல வளைஞ்சு நிக்கிற தகடு) நடுவுல இருக்கிற அந்த இடைவெளி குறையணும். ரெண்டு விரல் போகுதா ஒரு விரல் போகுதான்னு விட்டு விட்டு பாப்பானுங்க. இந்த இடைவெளிய மேல இருந்தும் மூடலாம், அது ஸ்பிரிங். கீழ இருந்தும் மூடலாம், அது டயரு. ஸ்பிரிங்க இறக்கினா காடியோட வயிறும் சேந்து இறங்கும். டயரோட மொத்த உயரம் கூடினா வயிறு கொஞ்சம் எழும்பும், இடைவெளியும் குறையும். டயரு சின்னதானா என்ன ஆகும்னு யாரும் யோசிக்கிறதில்ல: வயிறு கீழ போகும், அதே நேரம் இடைவெளி பெருசாகும். ரெண்டு பக்கமும் நட்டம். அப்புறம் அந்த இடைவெளிய மூட இன்னும் இறக்குவாங்க.

கணக்கு போட ஒண்ணும் பெரிய படிப்பு வேணாம். டயர்ல 175/65/14ன்னு போட்டிருந்தா 175 அகலம் மில்லியில, 65 அந்த அகலத்துல சுவரோட உயரம் எத்தனை சதவீதம்னு, 14 ரிம்மு இஞ்ச். 175ல 65 சதவீதம் கிட்டத்தட்ட 114 மில்லி, மேலயும் கீழயும் ரெண்டு சுவரு, 14 இஞ்ச் ரிம்மு 355.6 மில்லி, எல்லாம் கூட்டினா 583 மில்லி. மைவி 1.3க்கு கம்பெனி குடுத்த மொத்த உயரம் இதான். 1.5க்கு குடுத்தது 185/55/15, அது 584 சொச்சம், ஏறக்குறைய அதே. கம்பெனிக்காரன் இஞ்ச் கூட்டும்போது சுவர கொறச்சு மொத்த உயரத்த அப்படியே வெச்சிருக்கான் பாருங்க, அவன் சும்மா செய்யல. மீட்டரு, கியரு, சக்கரக் குழியில இருக்கிற எடம் எல்லாமே இந்த உயரத்த நம்பித்தான் இருக்கு.

தம்பி அனுப்பின சைஸெல்லாம் இந்த தராசுல வெச்சு பாத்தா இப்படி வருது. 195/50/15 போட்டா 576, ஒரிஜினல விட 7 மில்லி கம்மி, அதாவது வயிறு மூணரை மில்லி இறங்கும், அவ்வளவுதான். 195/45/16 போட்டா 582, கிட்டத்தட்ட சமம். 195/40/17 போட்டா 588, கொஞ்சம் கூட. 205/40/17 போட்டா 596, அத இறக்கின மைவியில போடுறேன்னு சொன்னா நான் பேசவே மாட்டேன். ஸ்ட்ரெச் கூட்டத்துக்காரன் சொன்ன 165/45/16 மட்டும் 555. 28 மில்லி கம்மி, வயிறு 14 மில்லி கீழ, இடைவெளி 14 மில்லி மேல, அத மூட இன்னொரு 14 இறக்கினா மொத்தம் 28 மில்லி போச்சு. ஏற்கனவே 40 இறக்கின காடி. கேட்டுகிட்ட இருக்கிற போங்கோல்ல எக்ஸாஸ்ட் கழண்டு விழுந்தா அத எடுத்துகிட்டு நடந்துதான் வீட்டுக்கு போகணும்.

இதுல மீட்டரு வேற. டயரு சின்னதானா ஒரு கிலோமீட்டருக்கு அதிக தடவை சுத்தும், காடி நெசமா 100ல போகும்போது மீட்டரு 105 காட்டும், ஓடாத கிலோமீட்டரும் கணக்குல ஏறும். பெருசா இருந்தா தலைகீழ், மீட்டரு கம்மியா காட்டும், சம்மன் வந்த பிறகுதான் தெரியும்.

ஸ்ட்ரெச்ச இதோட முடிச்சிடலாம்னு பாத்தேன், இன்னொண்ணு சொல்லணும். டயரு சுவர்ல சைஸுக்கு பக்கத்துலயே ஒரு நம்பரு இருக்கும், 82, 84, 74 இப்படி. அது பாரக் கணக்கு. 82ன்னா ஒரு டயரு 475 கிலோ தாங்கும், 84ன்னா 500, 74ன்னா 375தான். ஒரிஜினல் 14 இஞ்ச் டயர்ல 82 போட்டிருக்கு. 165/45/16ல 74. ஒரு டயருக்கு நூறு கிலோ கொறையுது. நாலையும் கூட்டினா காடி எடைய தாங்கத்தானே செய்யுதுன்னு கேப்பீங்க, நிக்கிற காடிய தாங்கும், ஆனா அஞ்சு பேரும் அரிசி மூட்டையும் ஏறி ஒரு சக்கரம் மட்டும் குழியில எறங்குற அந்த நொடியில பாரம் நாலா பிரியாது தம்பி. அதுவும் 165 டயர இழுத்து 7 ஜே (7 இஞ்ச் அகல) ரிம்முல மாட்டுறாங்க, அந்த டயரு அவ்வளவு அகல ரிம்முக்கு செஞ்சதே இல்ல. காத்து கொஞ்சம் கொறஞ்சா வளைவுல டயரு ஓரம் ரிம்ம விட்டு வழுக்கிடும். கண்காட்சிக்கு லோரியில ஏத்திகிட்டு போற காடிக்கு அது அழகு. பாட்டிய ஏத்திகிட்டு போற காடிக்கு இல்ல. அவ்வளவுதான், இதுக்கு மேல அத பத்தி பேச மாட்டேன்.

17க்கு வருவோம். தம்பிக்கு மனசெல்லாம் இதுல. மொத்த உயரம் சரியாத்தான் இருக்கு, பாக்கவும் கும்முனு இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா சுவர பாருங்க. ஒரிஜினல் 114 மில்லி, 17ல 78 மில்லி. நாலு விரல சேத்து வெச்சா அவ்வளவுதான் அகலம், அதுதான் ரிம்முக்கும் சடக்குக்கும் நடுவுல இருக்கிற மெத்தை. லுபாங்ல (குழியில) எறங்கும்போது முதல்ல நசுங்குறது அந்த சுவருதான், அது நசுங்கி முடிஞ்சா ரிம்மு நேரா தாருல அடிக்கும், ஒண்ணு ரிம்மு வளையும், இல்ல டயரு சுவர்ல உள்ள இருக்கிற நூலு அறுந்து முட்டை மாதிரி புடைக்கும். புடைச்ச டயர ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். இறக்கின காடியில இது இன்னும் மோசம், ஏன்னா ஸ்பிரிங்குக்கு இருந்த பாதி ஓட்டம் ஏற்கனவே போச்சு, பம்ப் ஸ்டாப்புல (ஸ்பிரிங் ஓட்டம் முடியிற எடத்து ரப்பர்ல) சீக்கிரம் இடிக்கும், அதுக்கப்புறம் மிச்ச அடி முழுசும் டயருக்குத்தான். மெத்தைய மேலயும் எடுத்துட்டு கீழயும் எடுத்தா எது தாங்கும்?

எனக்கு இது சொந்த அனுபவம். கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு காடி இருந்துச்சு, 17 போட்டு ஓட்டினேன், தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி மழையில, தண்ணி நெறஞ்சு நின்ன குழி, தண்ணியா குழியான்னு தெரியல, டம்முனு ஒரு சத்தம். எறங்கி டார்ச் அடிச்சு பாத்தா முன் ரிம்மு உள்பக்க உதடு கட்டை விரல் அளவுக்கு வளைஞ்சு அந்த எடத்துல காத்து புஸ்ஸுனு போயிகிட்டு இருக்கு. செம்பனைக்கு நடுவுல, ஒரு ஆளு இல்ல, ஸ்பேரு பழைய 14, அத மாட்டி முப்பதுல ஓட்டிகிட்டு வந்தேன். தீபாவளி சட்டைக்கு வெச்சிருந்த காசு ரிம்மு நிமித்துறவன்கிட்ட போச்சு. நிமித்தினாலும் 90ல ஸ்டீயரிங் நடுங்கிகிட்டேதான் இருந்துச்சு.

இன்னொண்ணு எடை. எங்க வீட்டுல பழைய பேப்பர் போடுறதுக்கு தொங்கவிடுற தராசு இருக்கு, அதுல ஒரு நாள் வெட்டி வேலையா டயரோட சேத்து தூக்கி பாத்தேன். கூட்டாளி வெச்சிருந்த 16 இஞ்ச் ரெப்ளிக்கா (நகல் ரிம்மு) 17 கிலோ, என்னோட 15 இஞ்ச் 14 கிலோ. 17 இஞ்ச் இன்னும் கூட இருக்கும்னு சொல்ல தேவையில்ல. மைவி 1.3 எஞ்சின் 91 குதிரைதான், அதுவும் ஆட்டோ, ஒவ்வொரு சக்கரத்துலயும் மூணு கிலோ கூடினா லாத்தார் ஹைவேயில ஏறும்போது காலுல தெரியும், எண்ணெய் செலவுலயும் தெரியும்.

ஆக நெசமான போட்டி 15க்கும் 16க்கும்தான்.

195/45/16 மோசம்னு சொல்ல மாட்டேன். உயரம் சரி, பார நம்பரு 84 உள்ளதா பாத்து வாங்கினா ஒரிஜினல விட அதிகம், சுவரு 88 மில்லி. ஊருக்குள்ளயே, தாமான்ல (குடியிருப்புல) வீடு, லாத்தார் பிடிச்சு வேலைக்கு போறவனா இருந்தா நானே 16 போடுன்னு சொல்லுவேன். ஸ்டீயரிங் திருப்பினா உடனே கேக்கும், வளைவுல காடி சாயுறது கம்மியா தெரியும். காத்து மட்டும் வாராவாரம் பாக்கணும், சுவரு கட்டையா இருக்கிறதால காத்து கொறஞ்சாலும் கண்ணுக்கு தெரியாது, ஆனா குழியில தெரிஞ்சிடும். 195/50/15க்கு சுவரு 98 மில்லி. 16க்கும் இதுக்கும் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு சென்டிமீட்டர்ல என்ன இருக்குன்னு தம்பி கேட்டான், அந்த ஒரு சென்டிமீட்டர்தான் ரிம்மு வளைஞ்சுதா தப்பிச்சுதான்னு முடிவு பண்ணுது, தினம் ரெண்டு கிலோமீட்டர் செம்மண்ணுல. அதுவும் போக 15ல டயரு வெலை கம்மி, இங்க பட்டணத்துல எந்த கடையில கேட்டாலும் ரெண்டு மூணு பிராண்டு கையிருப்புல இருக்கும், 16க்கு "நாளைக்கு வரும் போஸ்"னு சொல்லுவாங்க. நடு வழியில டயரு போனா அந்த "நாளைக்கு" எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

இதுக்கும் முன்னாடி யாரும் மதிக்காத ஒண்ணு இருக்கு, மைவி 1.5ல வர்ற ஒரிஜினல் 15 இஞ்ச் ரிம்மு, 185/55 டயரோட செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும். நட்டு மாத்த வேணாம், ரிங் வேணாம் (அது என்னன்னு கீழ சொல்றேன்), எங்கயும் உரசாது, சுவரு 102 மில்லி. என்னைய கேட்டா இதான் புத்திசாலித்தனம். சொன்னேன். "அண்ணே அது டீச்சருங்க ஓட்டுற காடி ரிம்மு"ன்னான். சரி விடு.

இஞ்ச் முடிவாயிடுச்சுன்னு நேரா கடைக்கு போயிடாதீங்க, இறக்கின காடிக்கு இஞ்ச விட ஆப்செட்டுதான் பெரிய தலைவலி. ரிம்முக்கு பின்னாடி ஈடி 45, ஈடி 35ன்னு அடிச்சிருக்கும். ரிம்மு நடுக்கோட்டுல இருந்து ஹப்புல (காடியில ரிம்மு மாட்டுற குடத்துல) உக்காருற மூஞ்சி எத்தனை மில்லி வெளிப்பக்கம் தள்ளி இருக்குன்னு அர்த்தம், நம்பரு கொறைய கொறைய சக்கரம் வெளிய தள்ளும். கணக்குக்கு 6 ஜே ஈடி 45 ரிம்ம எடுத்துக்குங்க. அத கழட்டிட்டு 7 ஜே ஈடி 35 போட்டா வெளி ஓரம் 23 மில்லி கிட்ட வெளிய வரும், உள்பக்கம் 3 மில்லி உள்ள போகும். 6.5 ஜே ஈடி 40 போட்டா வெளிய 11 மில்லிதான், உள்ள ஒண்ணரை மில்லி. காடி ஒரிஜினல் உயரத்துல இருந்தா அந்த 23ம் ஒண்ணும் பண்ணாது, நின்னுகிட்டு பாக்க அழகாவே இருக்கும். 40 இறக்கின காடியில பின்னாடி ரெண்டு பேரு ஏறினா டயரு தோள்பட்டை நேரா பெண்டர் உதட்டுக்கு அடியில போயி நிக்கும், அதுக்கப்புறம் ஒவ்வொரு போங்கோலுக்கும் கர்ர்ருனு ஒரு சத்தம். மைவி பின்பக்கம் டோர்ஷன் பீம், ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரே தண்டு சேக்குற அமைப்பு, கேம்பர் திருப்பி டயர உள்ள சாய்க்கிற வேலையெல்லாம் அங்க சுலபத்துல நடக்காது. கடைசியில பெண்டர் ரோல் பண்ணணும்பாங்க, உதட்ட மடக்கினா பெயிண்ட் வெடிக்கும், எங்க ஊரு மழைக்கு அங்கதான் முதல்ல துரு பிடிக்கும். டயரு பெண்டர தாண்டி வெளிய நின்னா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) நிப்பாட்டினா பேச்சே கிடையாது, அது தப்புதான்.

அதனால காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. ஒரே ஒரு ரிம்மு டயரோட கேட்டு வாங்கி மாட்டி பாக்கணும், நல்ல கடையில விடுவாங்க. எங்க தவுக்கே (கடை முதலாளி) விடுவாரு, தோட்டத்து ஆளுங்க கூடவே வளந்தவரு, நம்மள விட நல்லா தமிழ்ல திட்டுவாரு. தம்பி ஆசைப்பட்ட 7 ஜே ஈடி 35 ரிம்ம பின்பக்கம் மாட்டினோம், பெண்டர் உதட்டுக்கு உள்பக்கம் சாக்பீஸ அழுத்தி தேச்சோம், பின் சீட்டுல நானும் தவுக்கேயோட வேலையாளும் இன்னொருத்தரும் ஏறினோம், மூணு பேரும் பெரிய உடம்பு, பூட்டுல ரெண்டு பழைய லோரி ட்யூபு தண்ணி ரொப்பி வெச்சோம். கடை முன்னாடி இருக்கிற வாய்க்கா மூடி மேல குறுக்கா ஏத்தி இறக்கிட்டு எறங்கி பாத்தா கறுப்பு டயரு தோள்ல வெள்ளையா ஒரு கோடு, ஸ்கேல் வெச்சு போட்ட மாதிரி. தம்பி மூஞ்சியில ரத்தம் இல்ல. தவுக்கே துணியால கைய தொடச்சுகிட்டே, "இப்ப சாக்பீஸ், அடுத்த மாசம் டயரு, எனக்கு நல்ல யாவாரம்டா"ன்னாரு. அதே மாதிரி 6.5 ஜே ஈடி 40 மாட்டி பாத்தோம், கோடு இல்ல. முன்பக்கம் ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஒரு சக்கரத்த மேட்டுல ஏத்தி வெச்சும் பாக்கணும், முன்னாடி உரசினா பெரும்பாலும் சக்கரக் குழிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர்லதான் உரசும்.

பழைய ரிம்மு வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இத யாரும் சொல்றதில்ல. மைவிக்கு நாலு ஓட்டை, 4x100. புரோட்டான் வீரா, ஹோண்டா சிட்டி ரிம்மும் அதே 4x100தான், அதனால மாட்டினா உக்காரும். ஆனா நடு ஓட்டை மைவிக்கு 54.1 மில்லி, அதுங்களுக்கு 56.1, கடை ரிம்முங்க இன்னும் பெருசா இருக்கும். நடுவுல அந்த இடைவெளிய நிரப்புற ஹப் ரிங் போடலன்னா சக்கரம் ஒரு மயிரிழை தள்ளி உக்காந்து 80, 90ல நடுங்கும், நீங்க பேலன்ஸ் பேலன்ஸுன்னு காச கொட்டிகிட்டு இருப்பீங்க. அத விட முக்கியம் நட்டு. ஹோண்டா ஒரிஜினல் ரிம்முல நட்டு உக்காருற எடம் உருண்டையா இருக்கும், மைவி நட்டு கூம்பு. மறை ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனால நல்லா முறுகின மாதிரியே தெரியும், ஆனா கூம்பு உருண்டைக்குள்ள ஓரத்துல மட்டும்தான் தொடும், ஓட ஓட லூசாகும். ஹோண்டா ரிம்மு போட்டா ஹோண்டா நட்டும் சேத்து வாங்குங்க. எதுவா இருந்தாலும் நூறு கிலோமீட்டர் ஓட்டின பிறகு ஒரு தடவை நட்ட மறுபடி முறுக்குங்க.

ஸ்பிரிங் மாத்தி ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அலைன்மென்ட் பாக்காம புது டயரு போடாதீங்க. இறக்கினதும் முன் சக்கரம் உள்பக்கம் சாயும், டோவும், அதாவது சக்கரம் நேரா பாக்குதா உள்ள வெளிய திரும்பி நிக்குதாங்கிற கோணமும், மாறும். டோ தப்பா இருந்தா வெளிப்பக்கம் பூ (டயரு மேல இருக்கிற வெட்டு) அப்படியே இருக்கும், உள் ஓரம் மட்டும் கம்பி தெரியிற அளவுக்கு தேஞ்சிருக்கும், குனிஞ்சு பாக்கிறவனுக்குத்தான் தெரியும். தம்பியோட பழைய 14 டயர கழட்டும்போது பாத்தோம், ரெண்டு முன் டயரும் உள்பக்கம் மொட்டை. அதோட ரவாங் வரைக்கும் மழையில போயிட்டு வந்திருக்கான். நான் அங்க வெச்சு ஒண்ணும் சொல்லல, சித்திகிட்டயும் சொல்லல.

கடைசியில 6.5 ஜே ஈடி 40, 195/50/15 போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏறி கோயிலுக்கு போனோம், கேட்டு போங்கோல மெதுவா ஏறி இறங்கினோம், ஒரு சத்தம் இல்ல. பாட்டி, "புது சக்கரம்னு சொன்னியே, எப்படா மாத்தப் போற?"ன்னு கேட்டுச்சு. கோயில் வாசல்ல எறங்கினதும் தம்பி காடிய சுத்தி வந்து, யாரும் பாக்கலன்னு நெனச்சுகிட்டு, பெண்டருக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல விட்டு பாத்தான்.